ரூ.2,999 யாருக்கான விலை?

2025 ஜூன் 26, இரவு பத்தரை மணி. அமெரிக்க மேற்குக் கரையில் அப்போதுதான் காலை பத்து. வால்வ் நிறுவனத்தின் இணைய கேம் கடையான ஸ்டீம் தன் கோடைகாலத் தள்ளுபடியைத் திறந்த நேரம் அது. கணினியில் கேம் ஆடுபவர்களுக்கு இந்த நேரக் கணக்கு மனப்பாடம்: கோடையில் பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. திறந்ததும் கொஞ்ச நேரம் கடை திணறும். பிறகு, மாதக்கணக்கில் விஷ்லிஸ்டில் கிடந்த கேம்களின் ஓரத்தில் பச்சைக் கட்டத்துக்குள் மைனஸ் 50, மைனஸ் 75 என்று எண்கள் முளைக்கும். ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கும். இவர்களுக்கு ஆடித் தள்ளுபடி அன்றே தொடங்கிவிடும்.

வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என ஆண்டுக்கு நான்கு பெரிய தள்ளுபடிகள். தேதிகளை வால்வே பல மாதங்களுக்கு முன்னதாக வெளியிட்டுவிடுகிறது. ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. அப்படியிருக்க, பெரிய நிறுவனத்தின் கேம் ஒன்றை இந்தியாவில் முழு விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? அவசரக்காரர்களும் வசதிக்காரர்களும் வாங்குவார்கள். மற்றவர்கள் காத்திருப்பார்கள். முழு விலை என்பது, பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டு அடித்துக் காட்டுவதற்காகவே வைத்த எண் போல ஆகிவிட்டது.

சைபர்பங்க் 2077 கேமை எடுத்துக்கொள்ளலாம். 2020 டிசம்பரில் வெளிவந்தபோது அமெரிக்காவில் 59.99 டாலர், இந்தியாவில் ரூ.2,999. பின்னாளில் 65 சதவீதத் தள்ளுபடியில் அது ரூ.1,049க்கு இறங்கியது. இந்த இரண்டில் எது சரியான விலை? உலக வங்கி போன்ற அமைப்புகள் வாங்கும் திறன் சமநிலை என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு டாலர் கொடுத்து வாங்கும் பொருளையும் சேவையையும் இந்தியாவில் வாங்கச் சுமார் 20 ரூபாய் போதும் என்கிறது அது. அந்தக் கணக்கில் 60 டாலர் கேமின் இந்திய விலை ஏறக்குறைய ரூ.1,200. தள்ளுபடி விலை போய் நிற்பதும் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான். அதாவது, இந்தியாவுக்கு ஏற்ற விலை எதுவென்று நிறுவனத்துக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாளே அதைச் சொல்ல மனம் வருவதில்லை, அவ்வளவே.

சின்ன ஸ்டுடியோக்களுக்கு அந்த மனம் இருக்கிறது. ஒரே ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய ஸ்டார்டியூ வேலி அமெரிக்காவில் 14.99 டாலர், இந்தியாவில் ரூ.480. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி 2025 செப்டம்பரில் வெளியிட்ட ஹாலோ நைட்: சில்க்சாங் அமெரிக்காவில் 19.99 டாலர், இங்கே ரூ.880. அன்றைய மாற்று விகிதத்தில் 19.99 டாலர் என்றால் ரூ.1,700க்கு மேல்; அதில் சரிபாதி. உலகமே ஆறு வருடத்துக்கு மேல் காத்திருந்த கேம் அது. வெளியான நேரத்தில் ஸ்டீம் உட்படப் பல கடைகள் கூட்டம் தாங்காமல் முடங்கின. இன்னும் கூடுதலாக விலை வைத்திருந்தாலும் விற்றிருக்கும். நேர்மாறாக, பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது சோனியின் புதிய கேம்களுக்கு வைக்கப்பட்ட விலை ரூ.4,999. அமெரிக்காவின் 69.99 டாலரை ரூபாயில் பெருக்கி வந்த தொகைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சம்பளமும் வாடகையும் அந்தப் பெருக்கல் கணக்கில் வருவதில்லை.

இந்த இடத்தில் நிறுவனங்கள் எப்போதும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: கேம் எடுக்க ஆகும் செலவு ஊருக்கு ஊர் மாறுவதில்லை. உண்மை. ஆனால் எடுத்து முடித்த கேமின் அடுத்த பிரதியை விற்க ஆகும் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்பதும் உண்மை. ரூ.2,999க்கு ஒரு கேம் விற்றால் பணம் எங்கெங்கே போகிறது என்று பார்க்கலாம். இந்திய விலைக்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம், அது ரூ.457. மீதியில் ஸ்டீமின் பங்கு 30 சதவீதம், ரூ.762. மிகப் பெரிய விற்பனை கண்ட கேம்களுக்கு இது 20 சதவீதம் வரை குறையும். வெளியிட்டவர் கையில் நிற்பது சுமார் ரூ.1,780. அதே கேம் ரூ.1,049க்குப் போனால் கையில் நிற்பது சுமார் ரூ.620. ஒருவர் முழு விலைக்கு வாங்கும் இடத்தில் மூன்று பேர் குறைந்த விலைக்கு வாங்கினாலே கணக்கு நேராகிவிடும்.

மூன்று பேர் வருவார்களா என்ற சந்தேகத்துக்கு வால்வ் நிறுவனர்களில் ஒருவரான கேப் நியூவெல் 2009இலேயே பதில் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த டைஸ் என்ற கேம் துறை மாநாட்டில் ஒரு விடுமுறைக்காலத் தள்ளுபடியின் கணக்கை அவர் மேடையில் வைத்தார். 10 சதவீதம் குறைத்த கேம்களின் வருமானம் 35 சதவீதம் கூடியது. 25 சதவீதம் குறைத்தவற்றுக்கு 245, 50 சதவீதம் குறைத்தவற்றுக்கு 320, 75 சதவீதம் குறைத்தவற்றுக்கு 1,470 சதவீதம். இது விற்ற பிரதிகளின் எண்ணிக்கை இல்லை. டாலரில் வந்த பணம். லெஃப்ட் 4 டெட் கேமைப் பாதி விலைக்குக் கொடுத்த ஒரு வாரக் கடைசியில், அது வெளியான நாள்களைவிடக் கூடுதலாகப் பணம் வந்தது. விலையைக் குறைத்தால் பொருளின் மதிப்பு போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்த துறைக்கு அது அதிர்ச்சி வைத்தியம்.

திருட்டுப் பிரதி விஷயத்திலும் நியூவெலுக்குத் தனிப் பார்வை இருந்தது. ரஷ்யாவில் கடை விரிக்காதே, அங்கே எல்லாரும் திருட்டுப் பிரதி ஆசாமிகள் என்று அவரைப் பலர் எச்சரித்தார்கள். ஆனாலும் ஸ்டீம் அங்கே போய் நின்றது. 2011இல் அவர் சொன்ன கணக்குப்படி, ஐரோப்பியக் கண்டத்தில் ஜெர்மனிக்கு அடுத்த பெரிய சந்தையாக ரஷ்யா ஆகிவிட்டிருந்தது. திருட்டுப் பிரதி என்பது பெரும்பாலும் சேவைக் குறைபாடு, விலைப் பிரச்சினை இல்லை என்பது அவர் வாதம். பாதிதான் சரி. சென்னை பர்மா பஜாரில் கேம் குறுந்தகடு வாங்கிய தலைமுறைக்கு இரண்டும் பிரச்சினையாகத்தான் இருந்தன. அசல் பெட்டி ஆயிரக்கணக்கில் விலை, அதுவும் கிடைக்கும் கடைகள் சொற்பம். இணையக் கடைக்குப் போனால் விலை டாலரில், பணம் கட்ட வெளிநாட்டுப் பரிவர்த்தனை அனுமதி உள்ள அட்டை வேண்டும். 2015 நவம்பரில் ஸ்டீம் இந்திய ரூபாய்க்கு மாறிய பிறகு நிலைமை தலைகீழானது. இன்று யுபிஐயில் தட்டி வாங்குகிறார்கள். பஜாருக்குப் போகத் தேவை இல்லாமல் செய்தது காவல் துறையின் சோதனைகள் அல்ல என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் நாட்டுக்கு நாடு விலை மாறும் ஏற்பாட்டுக்கு ஒரு வேலி தேவை. வேலி பலவீனமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அர்ஜென்டினாவும் துருக்கியும் சாட்சி.

இரண்டு நாடுகளிலும் பணத்தின் மதிப்பு சரிந்துகொண்டே இருந்தது. அர்ஜென்டினாவில் 2023ஆம் ஆண்டுப் பணவீக்கம் 211 சதவீதத்தைத் தாண்டியது. பெசோவில் எழுதிவைத்த கேம் விலை அப்படியே நிற்க, டாலரில் பார்த்தால் அது மாதாமாதம் கரைந்தது. 60 டாலர் கேம் சில டாலருக்குக் கிடைக்கிறது என்ற சேதி உலகம் முழுக்கப் பரவியது. விபிஎன் போட்டு, கணக்கின் நாட்டை மாற்றி, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்தவர்கள் அர்ஜென்டினாக்காரர்களாக மாறி வாங்கினார்கள். 2021இல் வால்வ் கட்டுப்பாடு கொண்டுவந்தது: மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் நாட்டை மாற்றலாம், மாறிய நாட்டில் வழங்கப்பட்ட அட்டையால்தான் பணம் கட்ட வேண்டும். அதற்கும் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள்; கிஃப்ட் கார்டு விற்கவே தனிக் கூட்டம் முளைத்தது.

2022 அக்டோபரில் வால்வ் தன் பரிந்துரை விலைப்பட்டியலைத் திருத்தியபோது இவ்விரு நாடுகளுக்கான தொகை ஐந்து மடங்குக்கு மேல் எகிறியது. அதுவும் போதவில்லை. 2023 நவம்பர் 20 முதல் பெசோவும் லிராவும் ஸ்டீமிலிருந்து மறைந்தன. இரண்டு நாடுகளும் டாலருக்கு மாற்றப்பட்டன. நாணயம் ஆடிக்கொண்டே இருப்பதால் விலை வைப்பவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்பதே வால்வ் சொன்ன காரணம். லத்தீன் அமெரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் எனக் குறைந்த டாலர் விலை வரிசை இரண்டு உருவாக்கப்பட்டது உண்மைதான். அந்த வரிசையில் விலை நிரப்பாத நிறுவனங்களின் கேம்களுக்கு அமெரிக்க விலையே வந்து உட்கார்ந்தது. முதல் நாள் பெசோவில் கட்டிய தொகையைப் போல் பல மடங்கை மறுநாள் பார்த்தார் புவெனஸ் ஐரிஸ் மாணவர். நாணயச் சரிவுக்கு அவர் பொறுப்பில்லை. அவர் பெயரில் மலிவாக வாங்கிப் போன வெளியூர்க்காரர்களுக்கோ எந்த நஷ்டமும் இல்லை. அவர்கள் அடுத்த நாட்டைத் தேடிப் போய்விட்டார்கள். இந்தியாவின் விலை மலிவு என்று வெளிநாட்டு நண்பருக்குத் தன் கணக்கைக் கடன் கொடுக்கும் இங்குள்ளவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஜப்பான் வேலியை வேறு விதமாகக் கட்டியிருக்கிறது. யென் மலிந்திருக்கும் நேரத்தில் நின்டெண்டோ 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 கருவியை இரண்டு வகையாக அங்கே விற்றது. பல மொழி உள்ளது 69,980 யென். ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது, ஜப்பானியக் கணக்குடன் மட்டும் இணைவது, 49,980 யென். அதற்கு முன்பே, மார்ச் கடைசியிலிருந்து, தன் ஜப்பானிய இணையக் கடையில் வெளிநாட்டு அட்டைகளை வாங்குவதை நிறுத்திவிட்டது. உள்ளூர்க்காரருக்கு மலிவாகக் கொடு, வெளியூர்க்காரர் புகுந்துவிடாமல் மொழியையே பூட்டாகப் போடு. கண்டிப்பான ஏற்பாடுதான். ஆனாலும் அந்த 20,000 யென் வித்தியாசம் போக வேண்டியவர்களுக்குப் போகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி வேலி போட்டால் அபராதம். போலந்து, செக் குடியரசு, ஹங்கேரி உள்ளிட்ட கிழக்கு நாடுகளில் விற்ற கேம்களை மற்ற உறுப்பு நாடுகளில் திறக்க முடியாதபடி பூட்டியதற்காக வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் போட்டது. ஒரே சந்தை என்ற கொள்கைப்படி அது சரி. வால்வின் மேல்முறையீட்டை 2023 செப்டம்பரில் நீதிமன்றமும் தள்ளிவிட்டது. ஆனால் ருமேனியரின் சம்பளமும் ஜெர்மானியரின் சம்பளமும் ஒன்றில்லை. பூட்டும் கூடாது, விலையும் வேறாக இருக்கலாம் என்றால், விற்பவர் மலிவு விலையைத்தான் முதலில் கைவிடுவார்.

போலந்தின் புகார் இன்னும் விநோதம். 2022 அக்டோபரில் வால்வ் பரிந்துரைப் பட்டியல் தயாரித்த சமயத்தில் ஸ்லோட்டியின் மதிப்பு மிகவும் தாழ்ந்திருந்தது. பிறகு அது மீண்டுவிட்டது; பட்டியலில் இருந்த எண் மீளவில்லை. விளைவு, பல கேம்களுக்கு அமெரிக்கரைவிட, ஜெர்மானியரைவிடப் போலந்துக்காரர் கூடுதலாகக் கட்டினார். சைபர்பங்க் எடுத்த சிடி புராஜெக்ட்டின் சொந்த நாடு அது! 2025இல் விலையைத் திருத்தச் சொல்லி அங்குள்ளவர்கள் ஓர் இயக்கமே நடத்தினார்கள். பட்டியல் வெறும் பரிந்துரைதான், எந்த நிறுவனமும் தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். மாற்றச் சோம்பல்.

இலங்கையின் நிலை இந்தியாவைவிடச் சிக்கல். ஸ்டீமில் இலங்கை ரூபாய் கிடையாது. பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூட்டானோடு சேர்த்துத் தெற்காசியா என்ற டாலர் விலை வரிசையில் வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் பார்ப்பது அமெரிக்கரைவிடக் குறைந்த டாலர் தொகையாக இருக்கலாம். ஆனால் டாலர் டாலர்தான். 2022 வசந்தத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டபோது, கடையில் ஓர் எண்ணும் மாறாமலே எல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பு விலை ஆனது. அத்தோடு நிற்கவில்லை. 2024 மே மாதம் தன் ஹெல்டைவர்ஸ் 2 கேமை ஸ்டீமில் ஆடக் கட்டாயம் பிளேஸ்டேஷன் கணக்கு வேண்டும் என்றது சோனி. அந்தக் கணக்குச் சேவையே இல்லாத 177 நாடுகளிலும் பகுதிகளிலும் கேம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. இலங்கைக்கு அந்தச் சேவை கிடையாது. லட்சக்கணக்கில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்த பிறகு சில நாள்களிலேயே கட்டாயத்தை சோனி கைவிட்டது. விலை கூடுதல் என்று புலம்புவதற்குக்கூடப் பொருள் முதலில் கடையில் இருக்க வேண்டும்.

தள்ளுபடியின் நேர்மைக்கு வருவோம். விலையை ஏற்றிவிட்டு மறுநாள் குறைத்துக் காட்டும் பழைய வித்தைக்கு ஸ்டீமில் இடமில்லை. விலை ஏற்றினால் ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளுபடி கொடுக்க முடியாது. 2015க்கு முன்பெல்லாம் சில மணி நேரமே நீடிக்கும் மின்னல் தள்ளுபடிகள் இருந்தன. நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து வாங்கினார்கள். அந்த ஆண்டு ஜூனில், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற விதி வந்தது. அதன்பின் மின்னல் விற்பனைக்கு அர்த்தம் இல்லாமல் போய்விட்டது. நேற்று வாங்கியது இன்று மலிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கலாமே.

இந்த விதி சின்ன கேம்களுக்கு மட்டும் இடிக்கிறது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதையைச் சொல்லும் வெண்பா, 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. இரண்டு மணி நேரத்துக்குள் முழுக்க ஆடி முடித்துவிடலாம். முடித்தபின் பணத்தைத் திரும்பக் கேட்க விதிப்படி தடையில்லை, ஆனால் கேட்பது அநாகரிகம். மலிவு விலை கேட்கும் உரிமை பற்றிப் பேசுபவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தள்ளுபடியே வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு. செக் நாட்டின் வூபே நிறுவனம் தன் ஃபேக்டோரியோ கேமை ஒருநாளும் குறைத்து விற்றதில்லை. மாறாக, 2023 ஜனவரியில் பணவீக்கத்தைக் காரணம் காட்டி 30 டாலரை 35 ஆக்கியது. திமிர் என்று சிலர் திட்டினார்கள். ஆனால் இன்று வாங்கியவர் அடுத்த மாதம் ஏமாந்தவராக உணர மாட்டார் என்ற உத்தரவாதம் அதில் இருக்கிறது. இதே வூபேயின் கேம் சாவிகள் (கேமைத் திறக்கும் குறியீடுகள்) திருடப்பட்டு ஜி2ஏ என்ற மறுவிற்பனைத் தளத்தில் விற்கப்பட்டன. 198 சாவிகளுக்காக 2020இல் 39,600 டாலர் இழப்பீடாகக் கட்டியது ஜி2ஏ. அதிகாரபூர்வக் கடையைவிடப் பாதி விலைக்குச் சாவி கிடைத்தால், அந்த மீதிப் பாதியை யாரோ இழந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. தள்ளுபடி என்று அறிவிக்கும் எந்தக் கடையும், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2023 நவம்பரில் டார்க் பேட்டர்ன் எனப்படும் 13 ஏமாற்று உத்திகளுக்கு எதிராக வழிகாட்டுதல் கொண்டுவந்தது. பொய் அவசரம் காட்டுவது, கூடையில் ஒளித்துப் பொருள் சேர்ப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. பழைய விலை எது என்ற கேள்வி அதில் இல்லை. ஸ்டீம்டிபி போன்ற தளங்களில் ஒவ்வொரு கேமின் விலை வரலாறும் ரூபாயிலேயே கிடைப்பதால் கணினிக்காரர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். ஒரே கடையை நம்பி இருக்கும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வீட்டுக்காரர்களுக்கும், கைபேசியில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் அந்த வரலாறு விலைக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். துறை அந்த வழிகாட்டுதலில் பதினான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் போதும். புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை.